மேசை மேல் முழங்கை

அப்பாவின் ஹெட்போனைக் காதில் வைத்தால் முதலில் வருவது சத்தம் அல்ல, வாடை. தலைக்குப் பூசும் கிரீம், வேர்வை, கறுத்துப்போன பஞ்சு. அதற்குப் பிறகுதான் இரைச்சல். யாரோ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருக்கிற மாதிரி, நிற்காமல், ஒரே சீராக இருக்கும். அந்த இரைச்சலுக்குள் எங்கோ ஓர் ஊசி கிடக்கும். அதைத் தேடுவதுதான் எங்கள் வீட்டில் விடியற்கால வேலை.

எழுபதுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பா சிக்னல் கேபினில் வேலை பார்த்தார். அடுத்த ஸ்டேஷனிலிருந்து வண்டி வருவதை மணி அடித்துச் சொல்வார்கள். எத்தனை தட்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எக்ஸ்பிரஸுக்கு இத்தனை, கூட்ஸுக்கு இத்தனை. ஒரு தட்டு தவறினால் வேறு வண்டி. எனக்குப் பன்னிரண்டு வயது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடி மலாய் வந்த மாதிரி, குட்டைச் சத்தமும் நீளச் சத்தமுமாக எழுத்துச் சொல்லும் அப்பாவின் மோர்ஸும் எனக்குக் காதோடு வந்துவிட்டது.

அப்பாவிடம் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. முன்னறை மூலையில் இருந்த பெரிய ரேடியோ ஷார்ட்வேவ் பேசும், வானம் நன்றாக இருந்தால் ஜப்பான்வரை போகும். அப்பாவுக்கு அது போதவில்லை. டூ மீட்டர் என்று ஓர் அலை இருக்கிறது. அது பக்கத்து ஊர்வரை ஒழுங்காகப் போகும், அதற்கு மேல் செத்துவிடும். அந்த அலையில் கடல் தாண்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகக் கிள்ளானில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லிம் அங்கிளும் அவரும் சேர்ந்து ஒரு டிரான்ஸ்வெர்ட்டர் செய்தார்கள். பெரிய ரேடியோவின் சத்தத்தை வாங்கி டூ மீட்டருக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து வருவதை இறக்கி ரேடியோவுக்குக் கொடுக்கும். சதுர பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. வீட்டில் அதற்கு "ஏணி" என்று பெயர்.

"ஏணி" நோஞ்சான். பெரிய ரேடியோவின் பலம் முழுவதும் உள்ளே போனால் கருகிவிடும். அதனால் ரேடியோவின் பவர் குமிழைக் கீழே இறக்கி, அசையாமல் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார் அப்பா. உள்ளே இருந்த காயில்களை இரும்பு ஸ்குரூடிரைவரால் தொடக் கூடாது. அம்மாவின் பிளாஸ்டிக் பின்னல் ஊசி ஒன்றின் முனையைச் சீவித் திருப்புளி ஆக்கிக்கொண்டார். அம்மா அதைக் கேட்டு அலுத்துப்போய் வேறு ஊசி வாங்கிவிட்டார்.

கடலுக்கு அந்தப் பக்கம், மேடானில், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். அவருக்கும் இதே கிறுக்கு. கடிதத்தில் பேசி ஏற்பாடு செய்துகொண்டார்கள். சனி, ஞாயிறு, காலை ஆறு மணி. ஒரு நிமிடம் அப்பா அனுப்புவார், அடுத்த நிமிடம் வாத்தியார் அனுப்புவார். யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியும், அவர் பெயர் எழுத்துகளும் தெரியும், அதனால் கேட்காததையும் கேட்டதாக மனசு சொல்லிவிடும். அதற்காக ஒவ்வொரு காலையும் வாத்தியார் தன் இஷ்டத்துக்கு மூன்று எண்கள் சேர்த்து அனுப்புவார். அந்த எண்ணை யார் உதவியும் இல்லாமல் தன் காதால் கேட்டு எழுதினால்தான் கணக்கு. வேறு வழியில் தெரிந்தால் அது செல்லாது. இது அவர்களுக்குள் இருந்த நேர்மை. எந்த அதிகாரியும் வந்து பார்க்கப்போவதில்லை.

ஏழு மாதம் போனது. ஒன்றும் வரவில்லை.

"காலங்காத்தால பேயோடதான் பேசுறீங்க," என்பார் அம்மா.

"பேயா இருந்தா பதில் சொல்லியிருக்குமே," என்பார் அப்பா.

ஹெட்போனின் இடது பக்கத்தை வெளியே திருப்பி எனக்குக் கொடுப்பார். வலது பக்கம் அவருக்கு. இரண்டு தலையும் ஒட்டியிருக்கும். ஏன் எப்போதும் இடது பக்கத்தையே எனக்குக் கொடுக்கிறார் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆறு மணி தாண்டி எட்டாவது நிமிடம். இரைச்சலுக்கு அடியில், ஒரு நூல் மாதிரி, டா டி டா டா. மூச்சை நிறுத்திக்கொண்டேன். மறுபடி வந்தது. அப்பாவின் முழங்கை மேசையில் ஊன்றியிருந்தது, கண் மூடியிருந்தது. பென்சில் அசைந்தது. ஓர் எழுத்து. இன்னோர் எழுத்து. பிறகு எண்கள். நான்கு, ஏழு, இரண்டு. நான் கேட்டதும் அதேதான்.

அப்பா கத்தவில்லை. பதில் அனுப்பினார். மேடானிலிருந்து "சரி, சரி" என்று வந்தது. அதையும் எழுதினார். லாக் புத்தகத்தில் மையால் பதிந்தார். பிறகு எழுந்து பின்வாசலுக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

மத்தியானம் லிம் அங்கிள் கிள்ளானிலிருந்து ஒரு பொட்டலம் வறுத்த மீ நூடுல்ஸோடு வந்தார். பிரிக்பீல்ட்ஸில் பிறந்த சீனர். எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்.

"என்ன தேவா, கடல் தாண்டிட்டியாம்? இனிமே எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா லா?"

"கண்ணு கெடக்கட்டும் லிம். காது தெரிஞ்சிருச்சு."

அப்போதுதான் அப்பா அதைச் சொன்னார். திங்கட்கிழமை கேபின் ஆட்களுக்குக் காதுச் சோதனை. டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று ரகசியமாக எண் சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த எண்கள் என்று கேபின் ஆட்களிடம் ஒரு சீட்டு இருந்தது. போன தடவை அப்பாவும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாராம்.

"சும்மா ஒரு தைரியத்துக்குப் பாத்தேன். ஆனா அன்னிலேருந்து எனக்கே சந்தேகம். மணி அடிக்கும்போதெல்லாம் நாலா அஞ்சான்னு மனசு கேக்குது. டாக்டர் நம்பர மனப்பாடம் பண்ணலாம் லிம். மேடான மனப்பாடம் பண்ண முடியாது. இது கேக்கலன்னா கேபின விட்டுடலாம்னு இருந்தேன். கேட்டுச்சு."

"கேபின் போனா குவாட்டர்ஸும் போயிடுமே," என்றார் அம்மா.

"அதான் கேட்டுச்சுன்னு சொல்றேன்ல."

வெளியே ஓர் இன்ஜின் ஊதிக்கொண்டு போனது. லிம் அங்கிள் மீயை வாயில் வைக்காமல் என் தட்டுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். என் விரலை. அது மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஊதியதைத் தட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

போகும்போது என்னை மோட்டார் சைக்கிள் வரை கூப்பிட்டார்.

"ரோசி, நீ எத கேட்டாலும் தட்டுவியா?"

"தெரியல அங்கிள். அம்மா திட்டுவாங்க."

"காலைல மேடான் வந்தப்பவும் தட்டினியா?"

விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"நாளைக்கும் வாத்தியார் வருவாரு. கைய தொடைக்குக் கீழ வச்சி உக்காரு. அப்பா காதுல விழுந்தா நான் முட்டாள். எனக்கு முட்டாளா இருக்கத்தான் ஆச லா." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. "ஏணி" சூடேறி நிலைக்க அரை மணி நேரம் ஆகும் என்று அப்பா ஐந்தரைக்கே போட்டுவிட்டார். அன்று விசிலடித்துக்கொண்டிருந்தார். தேவாலயத்துக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. நான் வந்து உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்தேன். நாற்காலிப் பிரம்பு விரலில் குத்தியது.

ஆறு மணி. அப்பா அனுப்பினார். நிறுத்தினார்.

மேடான் வந்தது. நேற்றைவிட நன்றாக வந்தது. நூல் இல்லை, கயிறு. எழுத்து, எழுத்து, எண். ஒன்பது, ஒன்று, ஆறு. மறுபடி ஒன்பது, ஒன்று, ஆறு.

அப்பாவின் பென்சில் அசையவில்லை.

ஒரு நிமிடம் அனுப்பினார், ஒரு நிமிடம் கேட்டார். அனுப்பினார், கேட்டார். சத்தத்தைக் கூட்டினார்; இரைச்சலும் சேர்ந்து கூடியது. வாத்தியார் அங்கே விடாமல் ஒன்பது, ஒன்று, ஆறு என்று அடித்துக்கொண்டிருந்தார். என் விரல்கள் தொடைக்கு அடியில் துடித்தன. கையை வெளியே எடுத்தால் போதும். குவாட்டர்ஸ் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், அப்பா விசிலடிப்பார். நான் எடுக்கவில்லை. நல்ல பிள்ளை என்பதால் இல்லை. எத்தனை தட்டு என்று அப்பாவுக்கே தெரியாமல் ஒரு வண்டி வருவதை நினைத்துக்கொண்டேன். அதில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்கு வானம் சரியில்ல," என்றார் அப்பா.

"வந்துச்சுப்பா."

திரும்பிப் பார்த்தார்.

"ஒம்போது ஒன்னு ஆறு," என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது. நான் வாயால் சொல்லிவிட்டேன். அன்றைய எண் இனி செல்லாது.

அவர் அதற்குக் கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"கை எங்க?"

அவரே என் வலது கையை இழுத்து மேசை மேல் வைத்தார். "எப்பவும் வைக்கிற மாதிரி வை."

அடுத்த நிமிடம் அப்பா எதுவும் அனுப்பவில்லை. அதற்கு அடுத்த நிமிடம் மேடான் வந்தது. என் விரலை நான் தடுக்கவில்லை; அது தட்டத் தட்ட மேசைப் பலகை லேசாக அதிர்ந்தது. அப்பா கண்ணை மூடினார், முழங்கையை ஊன்றினார். பென்சில் அசைந்தது. ஓர் எழுத்து எழுதினார், இரண்டாவது எழுதினார். பிறகு மெதுவாக முழங்கையை மேசையிலிருந்து தூக்கினார்.

பென்சில் நின்றது.

முழங்கையை மறுபடி ஊன்றினார். பென்சில் அசைந்தது. தூக்கினார். நின்றது. மூன்று தடவை செய்து பார்த்தார். அதற்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அது அங்கே கிடந்து மேடானைச் சின்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கிருந்தே கேட்டது.

கேபின் பதிவேட்டில் தவறு வந்தால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் எழுத வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கக் கிடைக்க வேண்டும். அப்பா லாக் புத்தகத்தைத் திறந்தார். ஸ்கேலை வைத்துச் சனிக்கிழமை வரிமேல் ஒரு கோடு போட்டார். கையெழுத்து, நேரம். மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவ எழுப்பு. சர்ச்சுக்கு நேரமாச்சு."

அவ்வளவுதான் சொன்னார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போவதற்கு முன்பே மேலதிகாரியிடம் போய்த் தானே சொல்லிவிட்டார். செந்தூலில் சாமான் கிடங்கு வேலை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் குவாட்டர்ஸைக் காலி செய்தோம். லோரியில் முதலில் ஏறியது ஆன்டெனா கம்பம். லிம் அங்கிள் கடைக்குப் பின்னால் கிள்ளானில் ஒரு பாதி வீடு. நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, பெட்டாலிங் ஜெயாவில் ஃபேக்டரிக்குப் போனேன். அம்மா சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பேசினார்.

சனிக்கிழமை பேசியதை உறுதி செய்து மேடானிலிருந்து அட்டை வந்தது. நான்கு, ஏழு, இரண்டு என்று அழகான கையெழுத்து. ஏழு மாதம் காத்திருந்த அட்டை. அப்பா அதைக் கூடவே ஒரு கடிதம் வைத்துத் திருப்பி அனுப்பினார். கடிதத்தை மடித்து உறையிலிட்டுப் போஸ்டில் போட்டது நான், அதனால் தெரியும். உங்களைக் கேட்டது என் மகள், அவளுக்கு லைசென்ஸ் இல்லை, மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி.

கிள்ளானில் ஆன்டெனா மறுபடி ஏறவில்லை. என்னை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அன்று முதல் நான் மேசையைத் தட்டவில்லை. ஃபேக்டரியில் ரேடியோ பாட்டுக்கு எல்லாரும் தாளம் போடுவார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொள்வேன்.

இப்போது செமினியில் மகன் வீட்டில் இருக்கிறேன். குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அப்பா இல்லை, லிம் அங்கிள் இல்லை. "ஏணி" துருப்பிடித்துப்போனது. லாக் புத்தகம் மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. கோட்டுக்கு அடியில் இருப்பதை இன்னும் படிக்கலாம்.

போன மாதம் மகன் என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனான். டிவியை ரொம்பச் சத்தமாக வைக்கிறேனாம். ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். அதில் எந்த வாடையும் இல்லை. கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை. அவள் தோள் அசைவதைப் பார்த்தாலே எப்போது சத்தம் வருகிறது என்று தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். முழங்கையை நாற்காலிக் கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கேட்டபோது அழுத்தினேன். ரொம்ப நேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன்.

"ஆன்டி, லெஃப்ட் சைடு ரொம்பக் கொறஞ்சிருக்கு," என்றாள் அந்தப் பெண். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா," என்றேன். "எழுதிக்கோ."