டிஞ்சர் தடவிய கழுத்து

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், செங்கல் சூளை, ஓட்டல் என்று எங்கேயும் ஆறு மாதம் தங்கியதில்லை. எண்பதுகளில் ஒரு பேராசிரியரிடம் மட்டும் நான்கு வருடம் இருந்தேன். சென்னையில் மருத்துவக் கல்லூரியில் அணு மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர். மாதத்துக்கு ஒரு முறை திண்டிவனத்துக்கும், பதினைந்து நாள் தள்ளி விழுப்புரத்துக்கும் ஜீப்பில் வந்து கழுத்துக் கட்டிக்காரர்களைப் பார்ப்பார். கதிர் வீசும் அயோடின் மருந்து இருக்கும் ஈயப் பெட்டியைத் தூக்கி இறக்குவது என் வேலை. சின்னப் பெட்டிதான், தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும்.

அந்த மருந்தைக் குடித்தால் நேராகக் கழுத்துச் சுரப்பிக்குப் போகும். மறுநாள் கழுத்தருகே ஒரு குழாயைக் காட்டினால் கருவி டிக் டிக் என்று எண்ணும். படம் எடுக்கும் பெரிய இயந்திரத்தை ஜீப்பில் ஏற்ற முடியாது. அதனால் அவர் கழுத்தில் பேனாவால் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றாக எண்ணி, கட்டம் போட்ட தாளில் தானே படம் வரைவார். கட்டி மருந்தை எடுத்தால் பெரும்பாலும் பயமில்லை. எடுக்காவிட்டால் புற்றுநோயாக இருக்கலாம்.

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் காட்டில் கூலி வேலை செய்த என் அக்காவுக்குக் கழுத்தின் வலப்பக்கம் எலுமிச்சை அளவு கட்டி. திண்டிவனம் முகாமுக்குக் கூட்டி வந்தேன். மருந்து குடித்த மறுநாள் கருவி ஏறக்குறைய சும்மா இருந்தது.

“கட்டி மருந்தை எடுக்கல சார். ஆபரேஷனுக்கு எழுதிடலாமா?” என்றார் கூட வந்த இளம் டாக்டர். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியர் குழாயை இடப்பக்கம் நகர்த்தினார். “நல்லா இருக்கிற பக்கமும் எடுக்கலையே, அது எப்படி? அம்மா, மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“நேத்தே சொன்னனே, ஒண்ணும் சாப்பிடலீங்க.”

அவர் பார்வை அவள் ரவிக்கை ஓரத்துப் பழுப்புக் கறையில் நின்றது. “இது என்ன?”

“டிஞ்சருங்க. இவன்தான் வாங்கியாந்தான். ஒரு மாசமா தடவிக்கினு இருக்கேன். டாக்டர் தொடுவாரேன்னு சோப்பு போட்டுத் தேய்ச்சிக்கினு வந்தேன்.”

எங்கள் பக்கம் வீக்கம் என்றால் டிஞ்சர்தான். அதுவும் அயோடின்தான் என்று எனக்குத் தெரியாது. தோல் வழியாக உள்ளே போய்ச் சுரப்பியை நிரப்பிவிட்டதாம், மருந்துக்கு இடமில்லை. திட்டுவார் என்று நின்றேன்.

“நான் கேட்ட கேள்விதான் தப்பு” என்றார். அங்கேயே உட்கார்ந்து, இருந்த எல்லாப் படிவத்திலும் ‘சாப்பிட்டீர்களா’வுக்குப் பக்கத்தில் ‘தடவினீர்களா’ என்று கையால் எழுதினார். “ஆறு வாரம் டிஞ்சர் வேணாம்மா. மறுபடி பார்ப்போம்.”

“இவன் வாங்கியாறத இனிமே மாட்டுக்குக்கூட தடவ மாட்டேங்க.”

அந்த ஆறு வாரமும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்து விழுப்புரம் முகாம். பேராசிரியர் காய்ச்சலோடு வந்திருந்தார்; இருந்தும் குழாயை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அக்கா மருந்து குடித்த மறுநாள், குழாய் வலப்பக்கம் போனதும் கருவி படபடவென்று எண்ணியது. மூன்று முறை திரும்ப எண்ணிவிட்டு, கட்டி இருந்த இடத்தைப் பென்சிலால் கறுப்பாகத் தீட்டித் தாளை அவளிடம் காட்டினார்.

“கட்டிதாம்மா நிறைய எடுக்குது. புற்றுநோய் இப்படி இருக்கிறது ரொம்ப அபூர்வம். இப்போ கத்தி வேணாம், மாத்திரை போதும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க.”

“இந்தக் கரியெல்லாம் என் கழுத்தாங்க?”

“ஆமாம்மா.”

“அப்போ நாளைக்கு மல்லாட்டை புடுங்கப் போலாமா?”

“தாராளமா.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். “ஜல்தி வாடா, பஸ்ஸு போயிடும்” என்றாள் என்னிடம்.