புஸ்பராணியிடம் கேட்கக்கூடாத கேள்வி

புஸ்பராணி எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கால் வீங்கியதையும் சிரித்தபடி சொல்வாள், வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் கூரையைத் திருத்தாமல் இழுத்தடிப்பதையும் சிரித்தபடி சொல்வாள். வன்னியில் இருந்து வந்த சனத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. பட்டதையெல்லாம் அழுதுகொண்டு சொல்வதென்றால் ஆயுள் காணாது. இத்தாலியின் பலேர்மோவில், எங்கள் சனம் குடியிருக்கும் கால்சாவில் அதை யாரும் குறையாகப் பார்த்ததில்லை. ஆனால் அதே நகரத்தின் பணக்காரப் பகுதியான பொலிதேயாமாவில், ஒரு சட்டத்தரணியின் கண்ணாடிக் கதவு போட்ட கந்தோரில், ஒரு மெஷின் அதைப் பெரிய குற்றமாகக் கண்டுபிடித்தது.

நடந்தது இதுதான். அவள் வேலை செய்த வீட்டில், உயரத்து யன்னல்களைத் துடைக்கச் சொல்லி முதலாளி ஏணியைக் காட்டினான். அதன் ஒரு கால் முறிந்து, கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. "ஆடுது சிஞ்ஞோரே" என்றாள். "ஒண்டும் செய்யாது, ஏறு" என்றான். ஏறினாள், விழுந்தாள், இடுப்பெலும்பு போனது. இப்போது அவள் நட்டஈடு கேட்டு வழக்குப் போட, அந்த ஆள் நீதிமன்றத்தில் நின்று, நான் சொல்லவேயில்லை, அவளாகத்தான் ஏறினாள், ஏணி நல்ல ஏணி என்கிறான். ஏணியும் மாயமாகிவிட்டது. பார்த்த ஆளும் இல்லை. அவள் வாய்ச்சொல்லை நீதிபதி நம்பினால் உண்டு. இல்லாவிட்டால் பொய்க்காரி என்ற பெயரோடு நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அவளுக்காக வழக்காட வந்த லா மாந்தியா நல்ல மனிசி, அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். எதிர்த்தரப்புக் குறுக்கு விசாரணையில் என்னென்ன கேட்கும் என்று முன்கூட்டியே கேட்டுப் பழக்கிவிட ஒரு ஏஐ வைத்திருந்தாள். லப்டொப்பைப் புஸ்பராணியின் பக்கம் திருப்பி வைத்தாள். கூட வந்த மகள் நிலக்சி, "அம்மா, இது தமிழிலையும் கதைக்குமாம்" என்றாள்.

கதைத்தது. ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் தமிழ். "வணக்கம் அம்மா, சாப்பிட்டீர்களா? உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

அம்மா என்று கூப்பிட்டு, சாப்பாட்டை விசாரித்து, பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும் குரலுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருக்க எங்கள் பெண்களுக்கு வருமா? பலேர்மோவில் எத்தனை கந்தோர் ஏறி இறங்கியவள், ஒருவரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிட்டாள். நிலக்சிக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், சண்டை நேரம் பங்கர் வாசலில் செல் விழுந்தது, சீலைத் துணியில் சுற்றி மண்ணைப் போட்டுவிட்டு ஓடினோம் என்று எல்லாம் சொன்னாள். அந்த இடத்தில் மட்டும் சிரிப்பு நின்று குரல் உடைந்தது. பிள்ளையின் பெயரையும் சொன்னாள். அது இங்கே வேண்டாம். அந்தப் பெயர் பட்ட பாடு போதும்.

அடுத்த கிழமை போனபோது மெஷின் அறிக்கை கொடுத்திருந்தது. வாசித்த நிலக்சியின் முகம் கறுத்துவிட்டது.

"என்ன பிள்ளை போட்டிருக்கு?"

"நீங்கள் சிரிக்கிறபடியால் ஆக்கள் நம்பாயினமாம், அம்மா."

"பிறகு?"

"அண்ணாவைப் பற்றிக் கேட்டா அழுவியளாம். முதல்லை அண்ணாவைக் கேட்டு அழவிட்டு, அந்தக் கண்ணீரோடை ஏணிக்கு வந்தா நீதிபதி நம்புவாராம்."

லா மாந்தியாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஃபுன்சியோனா!" என்று மேசையில் தட்டினாள். வேலை செய்யுமாம்.

சீ! பிள்ளையைப் புதைத்த மண்ணைக் கிண்டி, வழக்குக்கு உதவுமா என்று மணந்து பார்த்திருக்கிறார்கள். அதையும் நல்ல மனதோடு செய்திருக்கிறார்கள். புஸ்பராணி எழுந்து லப்டொப்பை மூடினாள். "வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. அவனைத் தொட வேண்டாமெண்டு சொல்லு" என்றாள். நிலக்சி சொன்னாள். லா மாந்தியா சரியென்று தலையை ஆட்டினாள்.

தலையை ஆட்டியவள்தான், நீதிமன்றத்தில் எழுந்த கையோடு, "சிஞ்ஞோரா, போரில் இறந்த உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினாள்.

புஸ்பராணி தன் அரைகுறை இத்தாலியனில் பதில் சொன்னாள். "அவன் ஏணியாலை விழேல்லை. ஏணியைக் கேளுங்கோ."

பிறகு தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள். முறிந்த கால், கம்பி, ஏறு என்ற சொல். இடையிடையே அந்தச் சிரிப்பும் வந்தது. லா மாந்தியா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தான். தன் டப்லெற் திரையை ஒருக்கால் பார்த்துவிட்டு, தேன் ஒழுகக் கேட்டான். "மகனை இழந்த தாய் நீங்கள். அந்தத் துயரத்தில் உங்களுக்குத் தலை சுற்றுவதுண்டு, இல்லையா? ஏணியில் நின்றபோதும் அவனைத்தானே நினைத்தீர்கள்?" என்று கேட்டு, பிள்ளையின் பெயரையும் சொன்னான். அகதி விண்ணப்பத்துக்காக அவள் எப்போதோ கொடுத்த வாக்குமூலம் கோப்பில் கிடந்திருக்கிறது. அவனும் அதை ஒரு மெஷினுக்குத் தீனியாகப் போட்டிருக்கிறான். ஒருத்தி கண்ணீருக்காக இழுத்த பிள்ளையை இவன் தலைச்சுற்றுக்காக இழுக்கிறான். தூ, இதுகளெல்லாம் படித்த மனிசர்!

புஸ்பராணி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா, அவனை மண்ணுக்குள்ளை வைச்ச பிறகு நான் எத்தினை வீட்டு யன்னல் துடைச்சனான். எத்தினை ஏணி ஏறினனான். ஒண்டிலையும் விழேல்லை. காலுக்குக் கம்பி கட்டின ஏணி உங்கடை ஆளின்ரை வீட்டிலை மட்டுந்தான் கிடந்தது. இனி ஆரும் என்ரை பிள்ளையின்ரை பேரை எடுத்தால் நான் போயிடுவன். நீங்களும் உங்கடை வழக்கும்!"

நீதிபதி முதலாளியைப் பார்த்து, கம்பி கட்டியது யார் என்று கேட்டார். முதலாளி தன் சட்டத்தரணியைப் பார்த்தான். சட்டத்தரணி டப்லெற்றைப் பார்த்தான். நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்து, ஏணி எங்கே போனது என்று துருவத் தொடங்கினார்.

வெளியே விறாந்தையில் லா மாந்தியா ஓடிவந்து புஸ்பராணியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மூச்சு வாங்கியபடி அவள் சொன்னதை நிலக்சி தமிழில் சொன்னாள். "வெண்டமாதிரித்தானாம் அம்மா. உங்கடை கோவம் கண்ணீரைவிட நல்லா வேலை செய்ததாம். அதையும் ஏஐக்குக் குடுத்தா, பிள்ளையைப் பறிகுடுத்த மற்றத் தாய்மாரையும் இப்பிடிக் கோவப்படப் பழக்கலாமாம்."

லா மாந்தியா ஆமோதித்துச் சிரித்தாள். பிடித்த கையை இன்னும் விடவில்லை.

"பிள்ளை" என்றாள் புஸ்பராணி. "என்ரை கையை விடச் சொல்லு."