ஆஃப் ஒயிட்டும் ஐவரியும்

முப்பது வருஷமாக வேட்டிக் கடை வைத்திருப்பவனிடம் வெள்ளையைப் பற்றிப் பேச யாருக்கும் துணிச்சல் வராது. ஒருவருக்கு வந்தது. கீழ்பென்னாத்தூர்க்காரர். மகன் கல்யாணத்துக்கு என் கடையில் எடுத்த வேட்டியை மேஜைமேல் வைத்து, "மடிப்புல மஞ்சளா இருக்குதுங்க" என்றார். விரித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. "என் கண்ணுக்குத் தெரியாத மஞ்சளா? போய் வேலையைப் பாருங்க" என்று நாலு பேர் எதிரில் சத்தம் போட்டேன். பாவம், முகம் சுண்டிப்போய், வேட்டியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார். கொடுத்தனுப்பலாம் என்று அதை என் வண்டிப் பெட்டியில் வைத்திருந்தேன். இந்தத் தொழிலில் என் கண்தான் எனக்குச் சோறு.

அந்த வாரம்தான் வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் வேலை. ஹால் சுவரில் பெயிண்டர் நாலு கட்டம் அடித்துக் காட்டினார். இரண்டாவது ஆஃப் ஒயிட்டாம், மூன்றாவது ஐவரியாம்.

"ரெண்டும் ஒரே டப்பாதானே? என்கிட்டயேவா?" என்றேன்.

கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்த என் மனைவி சிரித்தாள். "என்னங்க நீங்க! ரெண்டாவது பால் மாதிரி இருக்குது. மூணாவதுல மஞ்சள் ஜாஸ்தி."

"ஆபரேஷனுக்கு அப்புறம் உனக்கு எல்லாமே ஜாஸ்தியாத்தான் தெரியுது."

நான் விடுவேனா! வண்டியிலிருந்து அந்த வேட்டியை எடுத்துவந்தேன். "இதுதான் வெள்ளை. இதுக்கு எது ஒத்துப் போகுதுன்னு பாரு."

அவள் வாசல் வெயிலில் விரித்தாள். "மூணாவதுதான் ஒத்துப் போகுது. மடிப்பு பூரா மஞ்சக் கோடு ஓடுது பாருங்க. எந்தக் கடைக்காரன் உங்க தலையில கட்டினான்?"

பெயிண்டரும் எட்டிப் பார்த்து, "ஆமாங்க, மஞ்சள்தான்" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு வெள்ளையாகவே இருந்தது. அவள் கண்ணிலிருந்து எடுத்த புரை என் கண்ணிலும் இருக்கிறது போல. அந்த மனுஷரை என்ன பேச்சுப் பேசிவிட்டேன்!

"ரெண்டாவதையே அடிச்சிடுங்க" என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டு, மனைவியைக் கடைக்கு அழைத்துப் போனேன். பத்து வேட்டிகளை வெயிலில் விரித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வேட்டி எடுக்க வந்தபோது அவர் வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகையில் விலாசம் இருந்தது. மறுநாளே முகூர்த்தம் என்பதால் அன்றைக்கே கிளம்பிப் போனேன்.

கல்யாணப் பந்தலில் அவரைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். தனியே கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் நாலு பேர் எதிரில் சொன்னதை நாலு பேர் எதிரில்தானே திருப்பி வாங்க வேண்டும்?

"நீங்க சொன்னதுதாங்க சரி. மஞ்சள் இருந்தது. கோளாறு என் கண்ணுல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். வேட்டிக் கடைக்காரன் சொல்லக் கூடாத வார்த்தை அது.

 அவர் புது வேட்டியை வாங்கிப் பந்தலுக்கு வெளியே கொண்டுபோய், மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார்.

"இது வெள்ளைங்க" என்றார். "யாரு பாத்து எடுத்தது?"

"எங்க வீட்டம்மா" என்றேன். "இனிமே கடையில அவங்கதான் பாப்பாங்க."