கதையை முன்கூட்டிச் சொன்னவர்

ஆம்பூரில் தோல் பதனிடும் இடங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே எங்கள் நாவல் வாசிப்புச் சங்கமும் அன்றுதான், தொழுகை முடிந்து மூன்று மணிக்கு, ஜவுளிக்கடை மாடியில் கூடும். படிகள் பதினேழு. உறுப்பினர் ஒன்பது பேர். புத்தகம் ஒன்றே ஒன்று. என் தகப்பனார் காலத்தில் அச்சான நாவல், நாற்பத்திரண்டு அத்தியாயம். வாரம் ஓர் அத்தியாயத்தை முறைவைத்து ஒருவர் உரக்கப் படிப்பார். விதிகள் இரண்டு: படிக்கத் தெரிந்தவர்களுக்கே இடம், யாரும் முன்கூட்டிப் படிக்கக் கூடாது. அந்த விதிகளை எழுதியவன் நான். தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன்.

தோல்களைத் தரம் பிரிக்கும் பாய் ஒருவர் எங்களில் உண்டு. கதையில் நடக்கப்போவதை முன்பே சொல்லிவிடுவார்.

"பாருங்க சார், அந்த உயில வேற யாரும் எடுக்கல. சின்ன மாமன்தான் வச்சிக்கினு அழுவுறான்."

அதற்கு மூன்றாம் வாரம் மாமன் பெட்டியிலிருந்தே உயில் வந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் குறித்துக்கொண்டேன். பதினோரு முறை சொன்னதில் ஒன்பது பலித்தது.

இன்னொன்றும் உறுத்தியது. உரக்கப் படிக்கும் முறை அவருக்கு நான்கு தடவை வந்தது. நான்கு தடவையும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "தோல் ஊறப்போடுற பட்டைத் தூள் அடைச்சிக்கிச்சு சார், அடுத்த ஆளப் படிக்கச் சொல்லுங்க." ஏற்கெனவே படித்துவிட்டவனுக்கு மறுபடியும் படிக்கச் சலிப்புதானே?

புத்தக அலமாரியை எந்தச் சாவியும் திறக்கும். படிக்காத பக்கங்களுக்கு நடுவே ஐந்து வெள்ளை நூல் இழைகளை வைத்தேன். தினமும் பிரித்து எண்ணினேன். வியாழக்கிழமை நான்குதான் இருந்தன.

மறுநாள் எல்லார் முன்பும் கேட்டேன். "பாய், திருட்டுத்தனமா எத்தனை அத்தியாயம் படிச்சீங்க?"

"இன்னா சார் பேஜார் பண்றீங்க?" என்று சிரித்தார்.

"கடைசியில யார் சாவுறாங்கன்னு சொல்லிடு பாய், நாங்களும் வீட்டுக்குப் போறோம்" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

இழை காணாமல் போனதைச் சொன்னேன். விதியை மீறியவருக்கு இனி இங்கே இடமில்லை என்றும் சொன்னேன். பாய் எழுந்து நின்றார்.

"எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது சார். உருது கிதாபு எவ்ளோ வேணா படிப்பேன். இதுல ஒண்ணுகூடத் தெரியாது. சொன்னா சேத்துக்க மாட்டீங்களேன்னுதான் சொல்லல."

"அப்போ எப்டிப்பா கரெக்டா சொல்றே?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"தினம் நானூறு தோலு பாக்குறேன். மேல பளபளன்னு இருக்கும், புரட்டினா உண்ணி கடிச்ச தழும்பு. கதையில ரொம்ப நல்லவனா எவன் வர்றானோ அவனப் புரட்டிப் பாப்பேன். அவ்ளோதான்."

படியிறங்கிப் போய்விட்டார். அன்று மாலை அந்த ஐந்தாம் இழை என் மேல்துண்டின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. முதல் விதியை அடித்துவிட்டு, நானே போய் அழைத்தேன். வந்தார். மீதி நான்கு அத்தியாயங்களையும் வாய் திறக்காமல் கேட்டார். அடுத்து வருவது அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாவல் எப்படி முடிந்ததென்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.