நின்ற வண்டிக்கு நாற்பது

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு வயிறு எரியும். படாளத்திலிருந்து அப்பா தன் பழைய ஜீப்பில் வருவார். பெற்ற மகள் நான் கதவைத் திறந்துகொண்டு எதிரே நிற்பேன். என் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மாப்ள கீறாரா?" என்பார்.

பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? அப்பாவின் பாசத்துக்காகக் கட்டின புருஷன் மேலேயே பொறாமைப்படுகிறவள் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு, இதோ இருக்கிறேன்.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டிய பெட்ரோல் ஜீப்பை இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலம் விட்டபோது, அவரே எடுத்து வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். அதற்கு அடியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. நுழைந்தால் போதும், காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுவார். "போய்ப் படி" என்பார். படித்தேன். டிப்ளமோ முடித்து அணுமின் நிலையத்தில் கருவிகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். சென்சாருக்கு ஒயர் இழுப்பதுதான் என் அன்றாடப் பிழைப்பு.

என் கணவருக்கு அங்கேயே கணக்குப் பிரிவு. தஞ்சாவூர்க்காரர். கல்யாணத்துக்கு முன்பு பல்பு மாற்றக்கூட ஆள் தேடிய மனிதர். அவரைத்தான் அப்பா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எனக்கு ஒருநாளும் கிடைக்காத ஜீப்பின் அடிப்பாகம் அவருக்கு ராஜமரியாதையோடு கிடைத்தது. போதாததற்கு, அங்கே படுத்தபடியே இருவரும் பேசிச் சிரிப்பார்கள். அப்பா என்னிடம் பேசுவது, "சாப்டியா?", "அப்ப நான் வரட்டா?" அவ்வளவுதான். அவர் என்னிடமும் அப்படி உட்கார்ந்து பேச வேண்டும், அந்த வண்டி விஷயத்தில் ஒரு தடவையாவது என்னைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் ஜீப்புக்கு வேறொரு வண்டியின் கியர் பாக்ஸ் மாற்றியதில், ஸ்பீடோமீட்டரின் கேபிளைப் பொருத்த இடமில்லாமல் போயிற்று. மீட்டர் ஓடாவிட்டால் எஃப்.சி. கிடைக்காது. மாமனாரும் மருமகனும் சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய், எலக்ட்ரானிக் மீட்டர் ஒன்றும் அதற்கு ஒரு சென்சாரும் வாங்கி வந்தார்கள். சக்கரத்துக்குப் போகும் தண்டில் சின்னக் காந்தம் ஒட்ட வேண்டும். அது சுற்றிச் சுற்றி வருவதைச் சென்சார் எண்ணி மீட்டருக்குச் சொல்லும், முள் நகரும். நான் தினமும் ஆபீசில் செய்கிற வேலை. என் வீட்டு வாசலிலேயே, என்னை விட்டுவிட்டு நடந்தது. ஜீப்புக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஜோடிக் கால்களுக்கு நான் டீ கொண்டு போய் வைத்தேன்.

பூட்டி முடித்து அப்பா வண்டியைக் கிளப்பினார்.

"இன்னா மாப்ள இது? வண்டி நின்னுகினு கீது, முள்ளு நாப்பதுக்குப் போவுது?"

"ஆக்சிலேட்டர விட்டுப் பாருங்க மாமா."

விட்டார், இறங்கியது. மிதித்தார், அறுபதுக்கு ஏறியது. ஜன்னலில் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீ வைக்கக் குனிந்தபோதே பார்த்திருந்தேன், சென்சார் ஒயரை இக்னிஷன் காயிலின் ஒயரோடு சேர்த்து, பூ கட்டுவதுபோல அழகாகக் கட்டி வைத்திருந்தார்கள். பிளக்குக்குப் போகும் மின்சாரத்தின் இரைச்சல் இந்த ஒயரிலும் ஏறும். மீட்டர் அதையும் சக்கரம் சுற்றுவதாக எண்ணிக்கொள்ளும். கேட்டால் சொல்லலாம். கேட்காமல் போய்ச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தா?

"மாமா, அவகிட்ட ஒரு வார்த்தை கேப்போமே. அவளுக்கு இதுதானே வேலை" என்றார் என் கணவர்.

"பாவம், வாரம் பூரா வேல செஞ்சிட்டு இன்னிக்கு ஒரு நாள்தான் வூட்ல கீது. அத்த ஏன் பேஜார் பண்ணிகினு."

பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பாசத்தைத் தூக்கிக் கிணற்றில் போட.

சென்சார்தான் கெட்டது என்று முடிவு செய்து, அடுத்த சனிக்கிழமை இருவரும் மறுபடி புதுப்பேட்டை போனார்கள். பிரியாணி சாப்பிட்டார்களாம். அதிகாரி ஒருவரை நடுரோட்டில் இறக்கிவிட்டு வந்த கதையை அப்பா சொன்னாராம். இவர் அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் அப்பாவின் கதையை எனக்கு இவர் சொல்கிறார். நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சென்சார் ஏறியது. நின்ற வண்டிக்கு அதே நாற்பது. இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "எல்லாம் நீ கண்ணு வச்சதுதான்" என்றார்.

அவ்வளவுதான், என் பொறுமை போயிற்று. "ஆமா, வச்சேன். ஒயரக் கொண்டுபோய் காயிலோட கட்டிட்டு, என் கண்ணச் சொல்றீங்களா?"

அப்பா தலையை வெளியே நீட்டினார். "இன்னா சொல்ற நீ?"

"நகரு நைனா" என்றேன் அப்பாவிடம்.

நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அப்பாவின் கை என் காலை நோக்கி வந்தது. பிடிக்காமல் நின்றது. இவரைப் புதுப்பட்டினம் மைக் செட் கடைக்கு அனுப்பி, மேலே வலை சுற்றிய மைக் ஒயர் வாங்கி வரச் சொன்னேன். அந்த வலை இரைச்சலை உள்ளே விடாது. அதைக் காயில் பக்கமே போகாமல் எதிர்ப்புறமாக இழுத்துக் கட்டினேன். அப்பா கிளப்பினார். எவ்வளவு மிதித்தும் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

"ஏறுங்க மாப்ள, மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிப் பாத்துடலாம்."

இவர் முன்னால் ஏறினார். வேலை முடித்துக் கொடுத்த மகாராணிக்குப் பின்பக்கப் பலகை சீட்டு. ஆத்திரத்தில் அழுகை வந்தது.

சதுரங்கப்பட்டினம் தாண்டியதும் அப்பா பேசத் தொடங்கினார். "பாத்தீங்களா மாப்ள, முள்ளு இன்னா அழகா ஏறுது. எங்க ஆபீஸ் மெக்கானிக்குகூட இப்டி செஞ்சிருக்க மாட்டான். சின்னதுல அது வண்டிக்கு அடியில பூந்துக்கும். நான்தான் இஸ்து வெளிய வுடுவேன். ஒரு தபா ஜாக்கி சறுக்கி வண்டி எந்தோள் மேல எறங்கிடுச்சி. அன்னிலேருந்து அது உள்ள பூந்தா எனக்கு ஒடம்பே ஆடிப்பூடும்."

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் இவரிடம்தான் சொல்கிறார்.

"நைனா, அத்த எங்கிட்ட சொல்லேன்" என்றேன்.

அப்பா திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"மாப்ள, பின்னாடி அதுக்குக் காதுல வுழுதான்னு பாருங்க."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"வுழுதுன்னு சொல்லுங்க" என்றேன்.