டவுட் வீரராகவன்

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் வீரராகவ ஐயங்கார் வீடு எது என்று கேட்டால், 1936-க்குப் பிறகு யாரும் வழி சொல்லமாட்டார்கள். ‘டவுட் வீரராகவன்’ என்று கேட்க வேண்டும். அந்தப் பெயர் வந்த கதையை ஊரில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

மனிதர் மெட்ரிகுலேஷனில் இரண்டு தரம் கோட்டை விட்டவர். உறையூரில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் சுருட்டுக் கம்பெனியில் டைப் அடிக்கும் குமாஸ்தா. அவருடைய பெருமையெல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் இருந்தது. ஒன்றுபோலத் தோன்றும் இங்கிலீஷ் வார்த்தைகளை ஜோடி ஜோடியாகப் பிடித்து, வித்தியாசத்தை அதில் எழுதி வைப்பார். ஹவுஸ் என்றால் சுவரும் கூரையும். ஹோம் என்றால் நாம் திரும்பிப் போகிற இடம். ஸ்டீல் என்றால் யாரும் அறியாமல் எடுப்பது. ராப் என்றால் மிரட்டிப் பிடுங்குவது. பதினெட்டு வருஷம் இப்படி. வக்கீல் குமாஸ்தாக்கள்கூட வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஐயங்காரைக் கையில் பிடிக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் தரச் சுருட்டுப் பெட்டி ஒன்று காணாமல் போயிற்று. பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற கலீலைக் கண்டாலே ஸ்டோர்கீப்பர் சாரங்கபாணிக்கு ஆகாது. நேரே வீரராகவனிடம் வந்து நின்றார்.

“கலீல் எடுத்திருப்பான்னு எனக்குச் சந்தேகம். துரைக்கு இங்கிலீஷ்ல அடியும் ஓய்.”

“அந்த நேரத்துல அவன் தொழுகைக்குன்னா போயிருந்தான்!”

“உம்மை யாரு சாட்சிக்குக் கூப்பிட்டா? சொன்னதை அடியும்.”

கடிதம் போனால் கலீலின் வேலை போய்விடும். வீட்டில் நாலு பெண் குழந்தைகள். துரையிடம் நேரில் போய்ப் பேசும் தைரியம் வீரராகவனுக்கு ஏழு ஜன்மத்துக்கும் கிடையாது. மெஷினில் காகிதத்தைச் சொருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நோட்டில் ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. நமக்கு எல்லாமே சந்தேகம்தான். இங்கிலீஷில் அது இரண்டு. சஸ்பெக்ட் என்றால், எடுத்துத்தான் இருப்பான் என்ற சந்தேகம். டவுட் என்றால், எடுத்திருக்கமாட்டான் என்ற சந்தேகம்.

‘டவுட்’ என்று அடித்தார். சாரங்கபாணி எழுத்துக் கூட்டிப் படித்து, தமக்குத் தெரிந்த வார்த்தையாக இருந்ததில் திருப்தியாகிக் கையெழுத்துப் போட்டார். கலீல் எடுத்ததாக ஸ்டோர்கீப்பரே நம்பவில்லையே என்று துரை கலீலை விட்டுவிட்டார்.

மூன்றாம் வாரம் மெட்ராஸ் ஏஜெண்டிடமிருந்து தந்தி வந்தது. அனுப்பிய சரக்கில் ஒரு பெட்டி கூடுதலாக இருக்கிறதாம். துரை சாரங்கபாணியைக் கூப்பிட்டு, அப்போதே கலீலை நம்பினீரே என்று மெச்சினார். மனிதர் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். பதறிப்போய், தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று உளறிவிட்டார். வீரராகவனுக்கு ஆள் போயிற்று.

இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று துரை கேட்டார். தெரியும் என்றால் வேண்டுமென்றே மாற்றியதாக ஆகும். அன்றே வேலை போய்விடும். தெரியாது என்றால் பதினெட்டு வருஷமும் போய்விடும்.

“ரெண்டும் ஒண்ணுதானே சார்” என்றார் வீரராகவன்.

துரை சிரித்தார். சாரங்கபாணியின் வாய் சும்மா இருக்குமா? மறுநாளே ஸ்ரீரங்கத்து ரங்கா ரங்கா கோபுரம் வரை சேதி போய்விட்டது. வக்கீல் குமாஸ்தாக்கள் வருவது நின்றது. பெருமாளைச் சேவிக்கப் போகும்போதுகூட வீரராகவன் தலை குனிந்தே போனார். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அந்த வாரக் கடைசியில் கலீல் டைப் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்த ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னீங்களாமே. நெசமாவா சாமி?”

“தெரியாதுப்பா.”

“எனக்குச் சந்தேகமா இருக்கு சாமி” என்றார் கலீல்.

எந்தச் சந்தேகம் என்ற கேள்வி வீரராகவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.