எட்டிப் பார்த்தால் ஒட்டாது

ஒட்டாத செல் உருண்டையாகவே இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர் ஆய்வகம் ஒன்றின் நுண்ணோக்கியில் நான் பார்த்ததெல்லாம் உருண்டைகள்தான். தட்டை லேசாக அசைத்தால் ஜவ்வரிசி மாதிரி மிதந்தன. இரும்பு உருக்கி வார்க்கும் பவுண்டரித் தொழிலாளிகளின் தீக்காயத்தில் போடுவதற்காக ஒரு கூழ் செய்துகொண்டிருந்தோம். இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானை உறுதிக்காகவும், ஜெலட்டினைச் செல்கள் பிடித்துக்கொள்வதற்காகவும் கலந்த கூழ் அது. அதன்மேல் தோல் செல்கள் ஒட்டி, கால் நீட்டினால்தான் வளரும். இரண்டு முறை ஒட்டவில்லை. மிச்சம் ஒரே ஒரு குடுவை செல்கள். அதுவும் போனால் ஆய்வை மூடிவிடுவார்கள். பெருந்துறையில் இருக்கும் அப்பாவின் நூல் குடோனுக்கு நான் திரும்ப வேண்டியதுதான்.

என் வழிகாட்டியான மேடம் பதறி யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து நானே பதறினேன். மகளுக்குக் காய்ச்சல் என்றால் இந்த வயதிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்த்து அவளைத் தூங்கவிடாதவன் நான். இருபத்தைந்தில் கேட்கவா வேண்டும்! கடைசிக் குடுவைச் செல்களைக் கூழின் மேல் விட்டு, உடல் சூட்டில் இருக்கும் இன்குபேட்டருக்குள் தட்டை வைத்தேன். அப்புறம் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதை வெளியே எடுத்து, "ஏனுங்க, ஒட்டிட்டீங்களா?" என்று மரியாதையாக விசாரித்தேன்.

மதியம் சாப்பாட்டை அரைகுறையாக முடித்துவிட்டு ஓடி வந்தால், தட்டு மேடத்தின் கையில்!

"நீங்களுமாங்க மேடம்?"

"நீ சோத்துக்குப் போறப்பெல்லாம் பாப்பேன்," என்றார், முகம் சிவந்து. "ஆமா, நீ எத்தன தடவ எடுத்தே?"

"ஒரு... இருபது இருக்குமுங்க."

"குடிவந்தவிங்க சட்டிபானைய எறக்கறதுக்குள்ள ஊட்டையே தூக்கி ஆட்டுனா எப்படிக் கண்ணு ஒட்டுவாங்க?"

தட்டை உள்ளே வைத்து, அறையைப் பூட்டினார். அன்று மாலைவரை நானும் அவரும் ஒருவரையொருவர் காவல் காத்தோம்.

மறுநாள் காலை யார் முதலில் பார்ப்பது என்று தகராறு. "நீங்க பாருங்க மேடம்." "நீயே பாரு." கடைசியில் நான்தான் குனிந்தேன். உருண்டையைக் காணவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பின் மண்டபத்து ஜமக்காளத்தில் சாய்ந்த சொந்தக்காரர்களைப் போல, ஒவ்வொரு செல்லும் கைகால் நீட்டிப் படுத்திருந்தது. தட்டை அசைத்தேன். ஒன்றும் நகரவில்லை. அடுத்த நொடி எல்லாமே மங்கி நெளிந்தன.

"போச்சுங்க மேடம்! கூழு கரைஞ்சு எல்லாம் ஓடுதுங்க!"

என்னை நகர்த்திவிட்டு அவர் குனிந்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை நீட்டினார்.

"ஒண்ணும் கரையல. கண்ணத் தொடச்சுப்போட்டுப் பாரு கண்ணு."